தாத்தாவின் மார்ட்டினி துவக்குக்கு இப்போதைய .303 தோட்டா போடலாமா?

வெலிமடைக் கிழங்குக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

எங்கள் தாத்தா பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 1975-இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, சீமைக்குத் திரும்பிய பெரிய துரை பங்களாச் சுவரில் மாட்டியிருந்த துவக்கைத் தாத்தாவுக்குக் கொடுத்தார். சும்மா கையில் கொடுத்துவிட்டுப் போகவில்லை. கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, கூட்டிப்போய் அனுமதிப்பத்திரத்தையும் அவர் பெயருக்கு எழுதி வாங்கித் தந்தார். தாத்தா வருடம் தவறாமல் அதைப் புதுப்பித்து வந்தார். போன மார்கழியில் அவர் காலமானார். துவக்கு இப்போது சித்தப்பா வீட்டில் இருக்கிறது.

எங்களுக்கு வெலிமடையில் இரண்டு ஏக்கர். உருளைக்கிழங்கும் போஞ்சியும் போட்டிருக்கிறோம். மூன்று இரவாகப் பன்றி இறங்கிக் கால் ஏக்கரைக் கிளறிப் போட்டுவிட்டது. விதைக்கிழங்கு விலை உங்களுக்குத் தெரியும், வயிறு எரிகிறது.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 11 தோட்டாக்கள் இருந்தன, பித்தளை கறுத்துப்போய். சித்தப்பா மகன் ஒன்றை எடுத்துத் துவக்கில் போட்டுப் பார்த்தான். அளவாகப் பொருந்துகிறது, லீவரும் மூடுகிறது. உடனே வெளியே எடுத்துவிட்டோம். இவ்வளவு பழையதை நம்ப முடியாது, புதுசு வாங்கலாம் என்பது என் எண்ணம். .303 இன்னும் செக் நாட்டிலும் சேர்பியாவிலும் செய்கிறார்கள் என்று வாசித்தேன். குண்டின் எடை 150, 174, 180 கிரெயின் என்று மூன்று நான்கு வகை போட்டிருக்கிறது. இந்தத் துவக்குக்கு எது பாதுகாப்பானது?

பழைய ஆர்மரர்

தம்பி, கிரெயின் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதல் வேலையாகத் துவக்கை ஓர் இடத்திலும் அந்த 11 தோட்டாவை வேறோர் இடத்திலும் பூட்டி வையுங்கள். சித்தப்பா மகனிடம் இனிமேல் ஒன்றையும் உள்ளே போட்டுப் பார்க்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வீட்டுக்குள் பொருத்திப் பார்க்கப் போய் வெடித்த கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

நான் 22 வருடம் படையில் ஆயுதம் பழுது பார்த்தவன், கடைசி ஆறு வருடம் தியத்தலாவையில். "பொருந்துகிறது" என்று சொல்லிக்கொண்டு துவக்கைத் தூக்கி வந்தவர்கள் எத்தனையோ பேர். அறைக்குள் தோட்டா பொருந்துவது அளவு சம்பந்தப்பட்டது. வெடிக்கும்போது அந்த இரும்பு தாங்குமா என்பது முற்றிலும் வேறு விஷயம். குழல் அரித்துத் தேய்ந்திருந்தாலும் தோட்டா அழகாகத்தான் பொருந்தும். குழலுக்குள் அடைப்பு இருந்தாலும் அப்படியே.

துவக்கின் உடம்பில் இரண்டு பக்கமும் எழுத்து வெட்டியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சுரண்ட வேண்டாம். குழலின் பின்பக்கம், மரத்துக்கு மேலே உள்ள சின்ன முத்திரைகளையும் பாருங்கள். பிறகு அந்தத் தோட்டாக்களின் அடித்தட்டில் என்ன எழுதியிருக்கிறது, நடுவிலுள்ள கேப்பை, அதாவது ஊசி அடித்ததும் முதலில் வெடிக்கும் சின்ன மூடியை, சுற்றி என்ன நிறம் பூசியிருக்கிறது என்று சொல்லுங்கள். அந்த நிறம் முக்கியம்.

ஊவா வாசி

ஐயா அனுபவசாலி, மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு பயப்படத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மார்ட்டினி என்றால் யானை மாதிரி. எங்கள் அப்பா மார்ட்டினி வைத்திருந்தார், கிடைத்த .303 எல்லாம் போட்டுச் சுட்டார். ஒரு நாளும் ஒன்றும் ஆகவில்லை. இப்போதைய துவக்குகளை விட அந்தக் காலத்து இரும்பு நல்லது.

வெலிமடைக் கிழங்குக்காரன்

ஆர்மரர் ஐயா, நன்றி. துடைத்துப் பார்த்தோம்.

ஒரு பக்கம்: கிரீடம், அதன் கீழ் வி.ஆர்., என்பீல்ட், 1885. மறு பக்கம்: எம்.இ., .303, என்பீல்ட், 1897. குழலின் பின்பக்கம் சின்னச் சின்னதாகக் குறுக்குக் கொடி மாதிரி முத்திரைகள்.

தோட்டா: ஒன்பதில் கே என்ற எழுத்தும் ரோம எண்ணில் ஏழும் இருக்கின்றன, கேப்பைச் சுற்றி ஊதா நிறம். மற்ற இரண்டில் ஆர்.ஜி., ரோம எண்ணில் எட்டு, பக்கத்தில் இசட். அவற்றிலும் ஊதாதான் என்று நினைக்கிறேன், மங்கிப்போயிருக்கிறது.

பழைய ஆர்மரர்

நல்ல வேலை செய்தீர்கள். இப்போது பேசலாம்.

உங்களிடம் இருப்பது இரண்டு பிறவி எடுத்த துவக்கு. 1885-இல் அது மார்ட்டினி ஹென்றியாகப் பிறந்தது. 1871-இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட வகை. அப்போது அதன் தோட்டா .577/450, கட்டைவிரல் பருமன். 85 கிரெயின் கரிமருந்தும் 480 கிரெயின் ஈயக் குண்டும் கொண்டது. பிறகு 1888-இல் லீ மெட்போர்ட் ரைபிளோடு .303 வந்தது. கையிருப்பில் இருந்த மார்ட்டினிகளை வீசாமல், பழைய குழலைக் கழற்றிவிட்டுப் புது .303 குழல் பூட்டினார்கள். 1895 முதல் அப்படி மாற்றியவைதான் மார்ட்டினி என்பீல்ட். எம்.இ. என்பது அதன் சுருக்கம். உங்களுடையது 1897-இல் மாற்றியது.

ஊவாத் தம்பி சொன்னதில் பாதி உண்மை. உடம்பு பலமானதுதான். அதை .303-க்கென்று சோதித்துத்தான் படைக்குக் கொடுத்தார்கள். ஆனால் சோதித்தது 1897-இல். அப்போதைய .303 குண்டு 215 கிரெயின், முனை உருண்டது, வேகம் வினாடிக்கு 2000 அடி அளவு. நீங்கள் வைத்திருக்கும் ஏழாம் வகை 1910-இல் வந்தது. 174 கிரெயின் கூர்முனைக் குண்டு, 2440 அடி. அதன் அழுத்தமும் முன்னதை விடக் கூட.

அந்த ஆர்.ஜி. இரண்டும்தான் எனக்குக் கவலை. எட்டாம் வகை ரைபிளுக்காகச் செய்ததே இல்லை. தூரத்துக்குச் சுடும் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிக்காகச் செய்தது, அழுத்தம் இன்னும் அதிகம். சித்தப்பா மகன் கையில் எடுத்தது எதுவென்று தெரியாது. ஒன்பதுக்கும் இரண்டுக்கும் வெளியளவில் வித்தியாசம் இல்லை, எல்லாமே அறைக்குள் அழகாகப் பொருந்தும்.

நிறத்தைக் கேட்டதற்குக் காரணம் சொல்கிறேன். பிரித்தானிய முறையில் ஊதா என்றால் சாதாரணக் குண்டு. சிவப்பு என்றால் வெளிச்சக் கோடு இழுத்துப் போவது. பச்சை கவசம் துளைப்பது. நீலம் தீ மூட்டுவது. மஞ்சள் இருந்தால் கையால் தொடாமல் எங்களைக் கூப்பிட வேண்டும். அது துவக்கைச் சோதிப்பதற்காக வேண்டுமென்றே அளவுக்கு மேல் மருந்து ஏற்றிய தோட்டா.

மெல்பேர்ன் பதுளையான்

பதுளையில் பிறந்து இங்கே வந்து 30 வருடம். ரைபிள் கிளப்பில் இருக்கிறேன், என்னிடமும் 1896-இல் மாற்றிய மார்ட்டினி என்பீல்ட் ஒன்று உண்டு, மாதம் ஒரு முறை சுடுகிறேன். அதனால் இது எனக்கு நெருக்கமான விஷயம்.

ஊவா வாசி அண்ணன் சொல்வதைத்தான் நானும் முதலில் நம்பினேன். மார்ட்டினியின் உடம்பு உடைந்து நான் பார்த்ததில்லை. ஆனால் உடம்பு மட்டுமா துவக்கு? கேப்பு ஓட்டையானால் சூடான காற்று ஸ்ட்ரைக்கர் துளை, அதாவது கேப்பை அடிக்கும் ஊசி வரும் துளை, வழியாகப் பின்னால் வரும். அந்தத் துளைக்கு நேர் பின்னால் இருப்பது சுடுகிறவனின் முகம். தோட்டாவைப் பின்னாலிருந்து மூடும் பிளாக் தேய்ந்திருந்தால் அதற்கும் தோட்டாவின் அடித்தட்டுக்கும் நடுவில் இடைவெளி கூடும். இதைத்தான் ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். .303 விளிம்புள்ள தோட்டா, அந்த விளிம்பின் கனத்தில்தான் அறையில் உட்காருகிறது. இடைவெளி அளக்க உலோகத் தட்டு உண்டு. 0.064 அங்குலத் தட்டை வைத்தால் மூட வேண்டும். 0.074 தட்டை வைத்தும் மூடினால் படையில் அந்தத் துவக்கை ஒதுக்கிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவிலிருப்பது ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, ஒரு விரல் நகக் கனம் கூட இல்லை. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நானே இதில் ஒரு வாரம் தூக்கம் கெட்டேன். பழைய என்பீல்ட் குழல்களில் 18.5 டன் என்று சோதனைச் சாலை முத்திரை இருக்கும். ஒரு டன் 2240 றாத்தல் என்று பெருக்கினால் சதுர அங்குலத்துக்கு 41,440 றாத்தல் வரும். அமெரிக்க அளவில் இன்றைய .303-இன் உச்சம் 49,000. உடனே "ஐயோ, புதுத் தோட்டா பழைய குழலை வெடிக்க வைத்துவிடும்" என்று தோன்றும். அந்த இரண்டு எண்ணும் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல. பழையது ஒரு செப்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்து எடுத்தது. புதியது மின் உணரி வைத்து எடுத்தது. செப்பு எப்போதும் குறைத்துத்தான் காட்டும். ஆகவே பெயர் பெற்ற கம்பெனி செய்கிற சாதாரண .303, நல்ல நிலையில் உள்ள என்பீல்டுக்கு அளவுக்கு மீறியதல்ல. ஐரோப்பிய விதியில் உச்சம் 3650 பார் என்று வைத்திருக்கிறார்கள், செக் நாட்டு செல்லியர் அண்ட் பெல்லோவும் சேர்பியாவின் பிரிவி பார்ட்டிசானும் அதற்குள்தான் செய்கின்றன.

நல்ல நிலையில் உள்ள என்றேன், அதைக் கவனியுங்கள். பெட்டியில் "கூடுதல் வேகம்" என்று போட்டு விற்கும் வேட்டைத் தோட்டாக்களை நான் என் மார்ட்டினிப் பக்கமே கொண்டுபோவதில்லை.

ரசாயன டீச்சர், அப்புத்தளை

துவக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தம்பி, ஒரே கேள்வி. அந்த டிரங்குப் பெட்டி இத்தனை வருடம் எங்கே இருந்தது?

வெலிமடைக் கிழங்குக்காரன்

டீச்சர், வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. உர மூட்டை, மருந்து தெளிக்கிற டாங்கி எல்லாம் வைக்கும் இடம். ஏன் கேட்கிறீர்கள்?

ரசாயன டீச்சர், அப்புத்தளை

அப்படித்தான் இருக்கும் என்று பயந்தேன்.

உயர்தர வகுப்பில் பித்தளை பாடம் எடுக்கும்போது நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் குதிரைப்படையின் தோட்டாக்களை மழைக்காலத்தில் லாயத்துக்குள் வைத்தார்கள். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் கழுத்துப் பக்கம் விரிசல். மழை இல்லாத காலத்தில் அப்படி வருவதில்லை. முதலில் காரணம் புரியாமல், பருவத்தில் வருவதால் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அமோனியா, காற்றின் ஈரம், பித்தளையை வளைத்து அடிக்கும்போது அதற்குள்ளேயே தங்கிவிட்ட இழுவிசை, மூன்றும் சேர்ந்தால் பித்தளை மணிமணியாகப் பிரிந்து வெடிக்கும். தோட்டாவின் கழுத்தை நெருக்கித்தான் செய்கிறார்கள், இழுவிசை அங்கேதான் அதிகம்.

நம் ஊரில் லாயம் இல்லை, உர அறை இருக்கிறது. யூரியா மூட்டை ஈரம் பட்டால் அமோனியா விடும், அந்த அறையைத் திறந்தவுடன் மூக்கில் ஏறுகிற நெடி அதுதான். வெலிமடை மழையும் பனியும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பித்தளை கறுத்திருப்பது மட்டும் என்றால் பெரிய விஷயமில்லை. விரிசல் தலைமயிர் போல மெல்லியதாக இருக்கும், கறுப்புக்குள் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தோட்டாக்களை யாரும் சுட வேண்டாம். தம்பி, இதை மட்டும் டீச்சர் கெஞ்சிக் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆர்மரர்

டீச்சர் சொன்னதைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இத்தனை வருடம் கழுத்து வெடித்த தோட்டாவைப் பொறுக்கி ஒதுக்கியிருக்கிறேன். "பழசு" என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும், காரணம் இன்றைக்குத்தான் தெரிந்தது. நன்றி டீச்சர்.

அந்த ஒன்பது ஏழாம் வகைத் தோட்டாவின் உள்ளே இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைப் பிரித்தால் தூள் மருந்து இருக்காது, இடியப்ப நூல் மாதிரி மெல்லிய குச்சிகள் கட்டாக இருக்கும். அதுதான் கார்டைட். முதலில் வந்த கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 பங்கு, துப்பாக்கிப் பஞ்சு 37, வாசலின் 5. எரியும்போது அவ்வளவு சூடு, குழலின் தொடக்கத்தைச் சுரண்டிக்கொண்டே போகும். பிறகு நைட்ரோகிளிசரினை 30-க்குக் குறைத்தார்கள். அப்போதும் அரிப்பு நிற்கவில்லை, குறைந்தது.

கேப்பு வேறொரு தொல்லை. அந்தக் காலத்துக் கேப்பு வெடித்தால் உப்பு மிஞ்சும். உப்பு ஈரத்தை இழுக்கும், மலைநாட்டில் கேட்கவே வேண்டாம். படையில் சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, பிறகுதான் எண்ணெய். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு கரையாது, அடியில் இருந்து தின்றுகொண்டே இருக்கும். தம்பி, தாத்தா கடைசியாக எப்போது சுட்டார், எப்படித் துடைத்தார் என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா?

வெலிமடைக் கிழங்குக்காரன்

அப்பத்தாவிடம் கேட்டேன் ஐயா. 1979 அல்லது 80-இல் ஒரு பன்றிக்கு இரண்டு முறை சுட்டாராம். அதற்கப்புறம் சுடவே இல்லை. ஆனால் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் எடுத்துத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைப்பார், அதை நானே பார்த்திருக்கிறேன். கொதிநீர் ஊற்றியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

மெல்பேர்ன் பதுளையான்

தாத்தா அன்போடு செய்தது. ஆனால் தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும், வெலிமடை இரவில் குழலுக்குள் வெண்ணெய் மாதிரி நிற்கும். நாள்பட்டால் பிசினாகும். அதன் அடியில் உப்பு 40 வருடமாக வேலை செய்திருக்கும். குழல் உட்புறம் குழி விழுந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

இங்கேதான் நீங்கள் முதலில் கேட்ட கிரெயின் கேள்விக்கு அர்த்தம் வருகிறது. குண்டைச் சுழற்றுவதற்காகக் குழலுக்குள் வரிவரியாக மேடும் பள்ளமும் வெட்டியிருக்கும். .303 என்பது மேட்டுக்கு மேடு உள்ள அகலம், அங்குலத்தில். பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் 0.311-இலிருந்து 0.315 வரை கூட இருக்கும், அந்தக் காலத்தில் அவ்வளவு தாராளம். கடைக் குண்டு 0.311 அல்லது 0.312. குழல் தேய்ந்து அதைவிடப் பெரிதாகியிருந்தால் குண்டு தளர்வாகப் போகும், பக்கத்தில் சூடான காற்று பீறும், குறி சிதறும். 174 கிரெயினில் பெரும்பாலும் வருவது போட்-டெயில், அதாவது பின்பக்கம் குறுகிய குண்டு. தேய்ந்த குழலில் அது இன்னும் மோசம். பின்பக்கம் தட்டையாக உள்ள 150 அல்லது 180 குண்டு குழலை ஓரளவு நன்றாக அடைக்கும்.

நான் என்ன செய்கிறேன் என்றால், மிருதுவான ஈயம் ஒரு துண்டைக் குழல் வழியாகத் தள்ளி, மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு ஏற்ற பருமனில் வார்த்த ஈயக் குண்டை வைத்து, வேகம் 1600 அடி அளவில் மென்மையாகத் தோட்டா செய்துகொள்கிறேன். இங்கே அதற்கு உரிமம் இருக்கிறது, கிளப்பில் சொல்லித் தர ஆள் இருக்கிறது. இலங்கையில் வீட்டில் மருந்து ஏற்றுவது வெடிபொருள் சட்டத்துக்குள் வரும். என்னைப் பார்த்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

பழைய லிகிதர்

எல்லோரும் இரும்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

அனுமதிப்பத்திரம் ஆளுக்குக் கொடுப்பது. தாத்தா போனதும் அது அவரோடு போய்விட்டது. 1916-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். 1996-இல் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கினார்கள். நீங்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இப்போது அது சித்தப்பா வீட்டில் இருப்பதற்கு எழுத்தில் ஒன்றுமில்லை. மரணச் சான்றிதழையும் பழைய அனுமதிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போய், துவக்கை ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பிறகு சித்தப்பா பெயருக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று ஆறுதலாக யோசிக்கலாம். துவக்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டாம். முதலில் நீங்கள் மட்டும் போய்ச் சொல்லுங்கள், எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களே சொல்வார்கள்.

தோட்டாவும் அப்படித்தான். அனுமதிப்பத்திரத்தில் எழுதிய வகையும் எண்ணிக்கையும் தவிர வேறெதுவும் யாரிடமும் வாங்க முடியாது. யாராவது கைமாற்றாக .303 தருகிறேன் என்றால் அது சட்டத்துக்கும் வெளியே, அது எந்த வகைத் தோட்டா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

ஊவா வாசி

லிகிதர் ஐயா, சரி. ஆனால் அதுவரைக்கும் பன்றி காத்திருக்குமா? விவசாயி எப்படிப் பிழைப்பது? நகரத்தில் இருப்பவர்களுக்கு இது புரியாது. எங்கள் அப்பா சுட்டதால்தான் நாங்கள் படித்தோம்.

எதிர்மலை லயத்துப் பிள்ளை

ஊவா அண்ணா, நான் நகரத்தில் இல்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து இன்னமும் லயத்தில் இருக்கிறேன், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பன்றி எங்கள் மரவள்ளியையும் விடுவதில்லை. அதனால் உங்கள் கஷ்டம் புரிந்துதான் எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் துவக்குக்குப் பின்னால் நிற்கிறவருக்கு என்ன ஆகும் என்று பேசுகிறீர்கள். குண்டு போகிற பக்கத்தை ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஒரு மலையில் கிழங்குத் தோட்டம், நடுவில் ஓடை, எதிர் மலையில் லயம். நேர்கோட்டில் பார்த்தால் 400 மீட்டர் இருக்குமா? .303 குண்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகும் என்று என் தம்பி சொல்கிறான், அவன் படையில் இருந்தவன். தகரக் கூரையும் பலகைக் கதவும் அதை எங்கே நிறுத்தும்? இரவில் டோர்ச் வெளிச்சத்தில் பன்றியைப் பார்த்துச் சுட்டால், அதற்குப் பின்னால் இருட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கொழுந்துக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் குறுக்குப் பாதையில் நடப்பார்கள், பள்ளிப் பிள்ளைகளும் அதே பாதைதான்.

புதுத் தோட்டா, நல்ல குழல், சரியான அனுமதி, எல்லாம் இருந்தாலும் எங்கள் மலைக்கு இந்தத் துவக்கு பொருந்தாது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மெல்பேர்ன் பதுளையான்

தங்கச்சி, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியதை நீங்கள் எழுதிவிட்டீர்கள். எங்கள் கிளப்பில் குறித் தட்டுக்குப் பின்னால் பெரிய மண்மேடு இருக்கிறது. அது இல்லாமல் ஒரு குண்டு கூடச் சுட விடமாட்டார்கள். அதற்குப் பழகிப்போய், மேடு இல்லாத இடம் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

ஊவா வாசி

பிள்ளை எழுதியதை இரண்டு முறை படித்தேன். அப்பா சுட்ட இடம் கீழே பள்ளம், பின்னால் கற்பாறை. அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. பன்றிக்குப் பொதுவாகக் கொடுப்பதும் 12 போர் துவக்குத்தான், அதன் சன்னம் அவ்வளவு தூரம் போகாது. கிழங்குக்காரத் தம்பி, பக்கத்துக் காணிக்காரர்களோடு சேர்ந்து கம்பி வேலி போட முடியுமா என்று பாருங்கள். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து போட்டோம், பன்றி வருவது குறைந்துவிட்டது. தூண் போட நான் வந்து நிற்கிறேன், உண்மையாகச் சொல்கிறேன்.

கண்டி நூலகன்

குறுக்கே வருகிறேன். இந்தத் துவக்கு எப்படி மலைநாட்டுக்கு வந்திருக்கும் என்று யாருக்கும் ஆவல் இல்லையா? துரைமார்களுக்கென்றே ஒரு தொண்டர் படை இருந்தது, சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர். 1900-இல் கண்டியில் தொடங்கியது, 1949-இல் கலைத்தார்கள். 1914-இல் இங்கிருந்து கப்பலேறி எகிப்துக்குப் போய், அடுத்த வருடம் துருக்கியின் கலிப்பொலியில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைத் தளபதி ஜெனரல் பேர்ட்வூட்டுக்குக் காவலாக நின்றவர்களும் அவர்களில் உண்டு. அதே 1900-இல்தான் தென்னாப்பிரிக்கப் போரில் பிடித்த போயர் கைதிகளைத் தியத்தலாவையில் அடைத்து வைத்தார்கள். அந்தக் காலத் துவக்கு ஒன்று பண்டாரவளைப் பங்களாச் சுவருக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. கட்டை மரத்தில் ஏதாவது எழுத்தோ, வட்டமான உலோகத் தட்டோ இருந்தால் படமெடுத்து வையுங்கள். படைப் பிரிவின் பெயரை அங்கேதான் வெட்டுவார்கள். மரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட வேண்டாம்.

பழைய ஆர்மரர்

தம்பி, முடிவாக என் அபிப்பிராயம். அந்த 11-ஐயும் யாரும் சுடக் கூடாது. புதுத் தோட்டா வாங்குவது பற்றிய பேச்சு, ஆயுதம் தெரிந்த ஒருவர் துவக்கைக் கையில் வைத்துப் பார்த்த பிறகுதான். பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்போது ஆர்மரரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். குழல் உட்புறம், ஹெட்ஸ்பேஸ், ஸ்ட்ரைக்கர் துளை, சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர், இந்த நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்டாக்களை மண்ணில் புதைக்க வேண்டாம், ஓடையில் போட வேண்டாம், அடுப்பில் போடவே வேண்டாம். எண்ணி, ஒரு அட்டைப் பெட்டியில் துணி சுற்றி வைத்து, எத்தனை என்று பொலிசிடம் சொல்லுங்கள்.

வெலிமடைக் கிழங்குக்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

லிகிதர் ஐயா சொன்னபடி முதலில் நான் மட்டும் போனேன். மறுநாள் அவர்களே ஜீப்பில் வந்து துவக்கையும் தோட்டாவையும் எடுத்துப் போனார்கள், பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். தோட்டா 11 என்று எழுதி, சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். எண்ணும்போது டோர்ச் அடித்துப் பார்த்ததில் நான்கு தோட்டாவின் கழுத்தில் கீறல். ஒன்றில் என் நகமே மாட்டியது. டீச்சர், அந்த நிமிடம் உங்களை நினைத்துக்கொண்டேன்.

பரிசோதனைக்குச் சித்தப்பாவையும் என்னையும் கூப்பிட்டார்கள். குழலுக்குள் கம்பி விட்டபோது வாய்ப்பக்கமிருந்து ஒரு சாண் உள்ளே நின்றுவிட்டது. தட்டி எடுத்தால் மண். மண்குளவி கூடு கட்டியிருக்கிறது, காய்ந்து செங்கல் மாதிரி. போன பொங்கலுக்கு முன்பே தாத்தா போய்விட்டார், அதனால் துடைக்கவில்லை. அந்த ஒரு வருடத்தில் கட்டியிருக்க வேண்டும். அன்று பையன் தோட்டாவைப் போட்டுப் பொருத்திப் பார்த்தபோது அந்த மண் உள்ளேதான் இருந்தது. சித்தப்பா ஒன்றும் பேசாமல் வெளியே போய் நின்றார்.

மண்ணை எடுத்த பிறகு குழலுக்குள் வெளிச்சம் விட்டுக் காட்டினார்கள். வரிகள் தொடக்கத்தில் இல்லவே இல்லை, நடுவில் அம்மைத் தழும்பு மாதிரி குழி. ஈயம் தள்ளி அளந்ததில் 0.317. பிளாக்கும் உடம்பும் நன்றாக இருக்கின்றன, ஹெட்ஸ்பேஸும் அளவுக்குள் இருக்கிறது. ஆனால் இந்தக் குழலுக்கு எந்தக் கடைத் தோட்டாவும் சரிவராது என்று எழுதிவிட்டார்கள்.

சித்தப்பா பெயருக்கு விண்ணப்பிக்கவில்லை. சுட முடியாதபடி செய்து ஏதாவது நூதனசாலைக்குக் கொடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறோம். கட்டையில் ஒரு சின்னத் தட்டு இருந்தது, எழுத்து தேய்ந்துவிட்டது. கண்டி நூலகன் அண்ணனுக்குப் படம் அனுப்புகிறேன்.

ஊவா அண்ணன் சொன்ன வேலிக்கு நான்கு காணிக்காரர்கள் சம்மதம். சனிக்கிழமை தூண் குழி தோண்டுகிறோம். அண்ணா, காலை ஏழு மணிக்கு வெலிமடை பஸ் நிலையத்தில் இறங்கினால் நான் வந்து கூட்டிப்போகிறேன்.